வடையில் போன பிரமோஷன்

"நீதான்லே பஸ்ஸ விட்டு மொதல்ல குதிச்சே…"

"குதிக்கலலே, கண்டக்டரு தள்ளிவிட்டாரு. நீ எங்க போனே? பஸ் ஸ்டாண்டுல வடைக்கு…"

"வடை ஒனக்கும் சேத்துத்தாம்லே வாங்கினேன்!"

"நான் கேட்டனா? நீ வாரதுக்குள்ள ஆபீசுல கூப்பிட்டுட்டாக, நான் கையெழுத்துப் போட்டேன்."

"போட்டுட்டு வந்து என் வடையவும் தின்னேல்ல?"

கரண்ட் ஆபீஸ் வாசலில் நின்று இப்படி மாறிமாறிக் கத்திக்கொண்டிருந்தவர்கள் பாண்டீஸ்வரனும் கோட்டைச்சாமியும். இருவருக்கும் பரளச்சிதான் ஊர். கம்பம் நட குழி தோண்டிய காலத்திலிருந்தே சேர்ந்து திரிந்து, ஒரே நாளில் ஒரே பஸ்ஸில் போய் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அன்றைக்குக் கோட்டைச்சாமி வடைக் கடையில் நின்றதால் சீனியாரிட்டியில் பாண்டீஸ்வரனுக்கு ஒரு படி கீழே போய்விட்டார். இத்தனை வருசமாக அந்த ஒரு படி கேலி பேச மட்டும்தான் உதவியது. இப்போது லைன் இன்ஸ்பெக்டர் பிரமோஷன் ஒன்றே ஒன்று வந்து, அது பாண்டீஸ்வரன் மடியில் விழுந்துவிட்டது.

கோட்டைச்சாமிக்கு அதில் பொறாமை கிடையாது. ஆர்டர் வந்த அன்று பூந்திப் பொட்டலத்தோடு வந்தவரே அவர்தான். வடைச் சண்டை மட்டும் விட்டுப்போகக்கூடாது, அவ்வளவே. பாண்டீஸ்வரனுக்கும் அது காலையில் குடிக்கிற டீ மாதிரி.

சத்தம் கேட்டு உதவிப் பொறியாளர் தீபலட்சுமி மேடம் வெளியே எட்டிப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டரையே ஏலேங்கிறாரே. பில்லு கட்ட வர்றவங்க என்ன நினைப்பாங்க?" சிரித்தபடிதான் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பாண்டீஸ்வரனுக்கு உடம்பில் இருந்த புதுச்சட்டை திடீரென்று உறுத்தியது. சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னார்.

"கோட்டை, நாலு பேரு முன்னாடி மட்டும் ஏலேங்காதப்பா."

கோட்டைச்சாமி கையைக் கட்டிக்கொண்டார். பிறகு ரொம்பப் பணிவாக, "சரிங்க சார்" என்றார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. பாண்டீஸ்வரன் உள்ளே நுழைந்தால் கோட்டைச்சாமி நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். "சாருக்குச் சீனி போடலாங்களா?" என்று டீக்கடையில் சத்தமாகக் கேட்பார். அதைப் பார்த்து, பேத்தி எடுத்த வயர்மேன் அருஞ்சுனையும் எழுந்து நிற்க ஆரம்பித்தார். "அண்ணே, உக்காருங்கண்ணே" என்று பாண்டீஸ்வரன் கெஞ்சினால், "சார் மொதல்ல உக்காரணும்" என்பார் அவர்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. கோட்டைச்சாமி மனைவி சந்தனம்மாள் போன் போட்டு, "மதினி, சார் சாப்ட்டாகளா?" என்று விசாரித்தாள். பாண்டீஸ்வரனின் மனைவி ஜெகதீஸ்வரி போனை வைத்துவிட்டுப் புருசனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எந்தச் சாரக் கேக்கிறா இவ? நம்ம வீட்டுல அப்படி ஒருத்தரும் இல்லையே?"

பாண்டீஸ்வரன் சோற்றைப் பிசைந்தார். வடையைப் பற்றி யாரும் பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது. இப்படியே ரிட்டையர் ஆகிற வரைக்கும் ஓடிவிடுமோ என்று உள்ளுக்குள் பயம் வந்தது.

அந்த நேரத்தில்தான் பந்தல்குடிப் பக்கம் ஒரு மயில் லைனில் மோதி, கம்பத்து உச்சியில் ஒரு கம்பி அறுந்தது. உச்சி வெயில். கருவேலங்காட்டுக்கு நடுவில் கம்பம். வயல் மோட்டார் நின்றுபோன சம்சாரிகள் வரப்பில் வந்து குந்திவிட்டார்கள். மேடமும் ஜீப்பில் வந்து இறங்கினார்.

பாண்டீஸ்வரன் சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு சப்ளையை நிறுத்தச் சொன்னார். லைன் சுவிட்சைத் திறந்து இணைப்பைப் பிரித்துவிட்டு, மிச்சமிருக்கிற கரண்டைத் தரைக்கு இறக்கும் எர்த் ராடை லைனில் மாட்ட அருஞ்சுனையை அனுப்பினார். தான் ஜீப் நிழலிலேயே நின்று, மேடம் காதில் விழும்படி, "லைன் கிளியர் வாங்கியாச்சு. ஏறலாம்" என்றார்.

கோட்டைச்சாமி பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கம்பத்தடியில் நின்றார். ஏறவில்லை.

"ஏறலாம் கோட்டைச்சாமி."

"ஆகட்டுங்க சார்." கால் நகரவில்லை.

"என்னாச்சு?"

"சொல்றதச் சொன்னா ஏறுறேன் சார்."

பாண்டீஸ்வரனுக்கு முகம் சிவந்தது. அவர்கள் இருவருக்குள்ளும் ஒரு வழக்கம் உண்டு. கீழே நிற்கிறவன் தன் கையால் ராடைத் தொட்டுப் பார்த்துவிட்டு 'ஏறுலே' என்பான். அந்தச் சொல் வந்தால்தான் மற்றவன் கால் தரையை விடும். சப்ஸ்டேஷன் சொன்னாலும் சரி, ஆபீசரே சொன்னாலும் சரி, அதற்கு முன்னால் ஏறுகிற பேச்சே இல்லை.

"ராடு மாட்டியாச்சு. அருஞ்சுனையண்ணன் மாட்டிட்டாரு."

"அண்ணன் நல்லாத்தான் மாட்டியிருப்பாரு. சார் பாத்தீகளா?"

பாண்டீஸ்வரன் பார்க்கவில்லை. வரப்பில் ஒரு பெரியவர் பீடியைத் தூக்கிப்போட்டுவிட்டு, "என்னப்பா, இங்க ஏதும் கல்யாணப் பேச்சா நடக்கு?" என்றார். மேடம் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

பாண்டீஸ்வரன் ராடு மாட்டிய இடத்துக்கு முள்ளுக்குள் இறங்கினார். புதுச்சட்டையில் கருவேல முள் இழுத்து, தோள்பட்டையில் கோடாகக் கிழிந்தது. அண்ணாந்து ஒவ்வொரு கம்பியிலும் கொக்கி விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். ராடை ஆட்டிப் பார்த்தார். தரையில் அடித்த கம்பியை மிதித்துப் பார்த்தார். அருஞ்சுனை எல்லாம் சரியாகவே செய்திருந்தார். ஆனாலும் திரும்பி வரும்போதுதான் பாண்டீஸ்வரனுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

கம்பத்தடிக்கு வந்து, மேடம் இருக்கிற திசையைப் பார்க்காமல் கத்தினார்.

"ஏறுலே!"

சம்சாரிகள் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜீப்பின் அந்தப் பக்கம் போய்விட்டார். கோட்டைச்சாமி ஏறினார். உச்சிக்குப் போய் பெல்ட்டைக் கம்பத்தில் சுற்றி மாட்டி, கட்டிங் பிளேயரை எடுத்து வேலையை ஆரம்பித்தார்.

பாண்டீஸ்வரன் கீழே வெயிலில் நின்றார். ஜீப் நிழலுக்குப் போக மனம் வரவில்லை. கண் கூச, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். மேலிருந்து இரும்பு உரசுகிற சத்தம் மட்டும்தான் வந்தது.

"ஏலே கோட்டை, எறங்கி வந்து என்னைய என்னன்னுலே கூப்பிடுவே?"