அண்ணாச்சி பிள்ளை பெற்ற சந்து

தாராவியில், தொண்ணூறடி சாலைக்குப் பின்னால் இருக்கும் சந்துக் குழாயில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தண்ணீருக்குப் பதிலாக ஆப்பிரிக்க யானை வந்தது. முதலில் தும்பிக்கை, அப்புறம் முறத்தைவிடப் பெரிய காதுகள், கடைசியில் மீதி யானை. வரிசையில் நின்றவர்கள் தண்ணீர் போச்சே என்றுதான் கத்தினார்கள். குழாயடியில் இருந்தது முறுக்கு சுடும் இசக்கியம்மாளின் டிரம். யார் முறையில் வருகிறதோ அது அவருக்கு என்பது சந்தின் சட்டம், ஆகவே யானை அவளுடையது. நாலடிச் சந்து யானை நடந்தால் விரிந்தது, போனதும் சுருங்கியது. முனிசிபாலிட்டிக்கு யாரும் புகார் கொடுக்கவில்லை.

கப்பல் வேலையில் ஆப்பிரிக்காவின் மொம்பாசாவரை போய்வந்த ஏஞ்சலோதான் விவரம் சொன்னான். அந்த ஊரில் மழை பொய்த்தால் யானைகள் காய்ந்த ஆற்று மணலைத் தோண்டித் தண்ணீர் எடுக்கும். இது கொஞ்சம் ஆழமாகத் தோண்டிவிட்டது. காதில் இருந்த ஓட்டை துப்பாக்கிக் குண்டு போட்டது. "தந்தத்துக்காவச் சுடுறானுவ. தந்தம் இல்லாதது தப்பிச்சிரும்" என்றான்.

"தந்தம் இருக்குல்லா, அப்ப ஆம்பளதான்" என்று தீர்ப்புச் சொன்னார் பக்கத்து வீட்டு வானமாமலை. நெல்லைப் பக்கத்து யானைகளைப் பார்த்து வளர்ந்தவர் வேறென்ன சொல்வார்! அண்ணாச்சி என்று பெயரும் வைத்தாயிற்று. அண்ணாச்சி இட்லி, வடாபாவ் எதையும் மறுக்காமல் தின்றார், வயிறு பெருத்தது. தொந்தி என்றார்கள்.

மழைக்காலம் முடிந்த ஒரு மத்தியானம் தந்த வியாபாரிகள் நாலு பேர் ரம்பத்தோடு வந்து, ஆண் யானை எங்கே என்று இந்தியில் கேட்டார்கள். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சிக்கு இடுப்புவலி கண்டது. அட, ஆப்பிரிக்காவில் பெண்ணுக்கும் தந்தம் உண்டாம்! ஏஞ்சலோ அதைச் சொல்ல மறந்திருந்தான். இசக்கியம்மாள் சந்தின் குறுக்கே ஐந்தாறு சேலைகளைக் கட்டி, "ஆம்பள யானையா? இங்க பிரசவம் நடக்கு, ஆம்பளையளுக்கு என்னவே வேலை? சலோ, ஹட்டோ!" என்று விரட்டினாள். ரம்பக்காரர்களுக்கே வெட்கமாகிவிட்டது. ஒருவன் வெந்நீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டுவிட்டுப் போனான்.

பிறந்தது பெண்குட்டி. அன்றிலிருந்து இசக்கியம்மாளுக்குத் தூக்கம் போயிற்று. தினமும் குட்டியின் உதட்டைத் தூக்கிப் பார்ப்பாள். "இதுக்கு தந்தமே வேண்டாம் தாயி, உசிரோட கெடந்தாப் போதும்" என்று வேண்டினாள். இரண்டு வருஷம் கழித்து உதட்டோரம் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தாய் யானை வந்து அந்த முனையைத் தும்பிக்கையால் தடவித் தடவிப் பார்த்தது. பெருமையா, பயமா, யார் கண்டது. இசக்கியம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். "பிள்ளைக்குப் பல்லு மொளச்சிருக்கு, நான் ஒருத்தி அழுதுகிட்டு இருக்கேன்" என்று அரிசிமாவைப் பிசைய உட்கார்ந்தாள். சாயங்காலம் சந்தே கூடிநிற்க, முதல் பல் முளைத்த பிள்ளைக்குச் செய்வதுபோல, ஓர் அண்டா பல்லுக்கொழுக்கட்டையைக் குட்டியின் தலையில் கொட்டினார்கள். பிள்ளைகள் பொறுக்குமுன் பாதியைத் தாயே தின்றுவிட்டது.