ரயில்வே கேட்டும் ஐந்து மணி நேரப் பிரதமரும்

ஆளுங்கட்சி உறுப்பினர்கள் எண்பத்தோரு பேரும் ஒரு காரியத்தைக் கெடுத்தே தீருவது என்று உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தால்கூட இத்தனை அழகாகக் கெடுத்திருக்க முடியாது. காலை ஒன்பது மணிக்கு ஓட்டெடுப்பு. பத்து மணிக்கு முடிவு. கண்டக்டர் அம்மா பிரதமர்!

கண்டக்டர் அம்மா என்பது சபையில் அவருக்கு வைத்த பட்டப்பெயர். அரசியலுக்கு வருமுன் பதினெட்டு வருஷம் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். சபையில் அவர் இடம் கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால். ஒன்பது வருஷத்தில் அவர் எழுந்து கேட்டது ஒரே ஒரு கேள்விதான், அதை ஒன்பது வருஷமும் கேட்டார். "எங்க ஊர் ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் எப்பங்க?" அவர் எழுந்தாலே முன்வரிசையில் கொட்டாவி கிளம்பிவிடும். பரிசீலனையில் இருக்கிறது என்று யாராவது ஒருவர் சொல்லுவார், அம்மா நன்றி சொல்லி உட்காருவார்.

ஊர் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். கூட்ஸ் வண்டி வந்தால் கேட் திறக்க அரை மணியும் ஆகும், முக்கால் மணியும் ஆகும். அவருடைய தங்கை அந்தக் கேட்டில் நின்ற டாக்ஸியிலேயே பிள்ளை பெற்றாள். பிள்ளைக்குச் செல்லப்பெயரே கேட்டு. இப்போது பதினோரு வயசு, நன்றாக இருக்கிறாள், வாய் மட்டும் ஒரு முழம் நீளம். ஆனால் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்ஸ் பெட்டிகளை எண்ணிய அந்த நாற்பது நிமிஷம் அம்மாவின் நெஞ்சை விட்டு இறங்கவே இல்லை. அதே கேட்டில் காத்திருந்து வீடு திரும்பாதவர்களும் உண்டு.

சரி, பிரதமரான கதைக்கு வருவோம். பழைய பிரதமர் முந்தின நாள் கோபித்துக்கொண்டு ராஜினாமா செய்துவிட்டார். நிதி அமைச்சர் பக்கம் அவரையும் சேர்த்து நாற்பது பேர், உள்துறை அமைச்சர் பக்கமும் அதே மாதிரி நாற்பது பேர். கட்சி விதிப்படி ஒவ்வொருவரும் சீட்டில் இரண்டு பெயர் எழுத வேண்டும். முதல் பெயருக்கு மூன்று புள்ளி, இரண்டாவது பெயருக்கு இரண்டு. எதிராளிக்கு இரண்டு புள்ளியைத் தாரைவார்க்க யாருக்கு என்ன பைத்தியமா? "ரெண்டாவதா யாராவது அப்பாவி பேர எழுதுங்க, ஜெயிக்கவே முடியாத ஆளாப் பாருங்க" என்று இரண்டு தலைவர்களும் தனித்தனியாக, பரம ரகசியமாகத் தங்கள் ஆட்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். இரண்டு கோஷ்டிக்கும் ஒரே அப்பாவிதான் ஞாபகத்துக்கு வந்தார். எண்பது பேர், ஆளுக்கு இரண்டு, ஆக நூற்று அறுபது. தலைவர்கள் ஆளுக்கு நூற்று இருபதோடு வாயைப் பிளந்து நின்றார்கள். எண்பத்தோராவது சீட்டு வெற்றுச் சீட்டு. இரண்டு பேரும் டீ வாங்கிக் கொடுத்தார்களே என்ற தர்மசங்கடத்தில் அம்மா எதுவும் எழுதாமல் போட்டது அது.

"சின்னத் தப்பு நடந்துபோச்சும்மா" என்றார் நிதி அமைச்சர். "விதிய மாத்தி, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மறுபடி ஓட்டெடுப்பு. அதுவரைக்கும் நாற்காலி காலியா இருக்கக் கூடாதில்ல? நாலு மணி வரைக்கும் சும்மா உக்காந்திருங்க, போதும்."

உள்துறை அமைச்சர் ஒரு தாளை நீட்டினார். ராஜினாமாக் கடிதம்! எல்லாம் தட்டெழுதித் தயார், நேரமும் கையெழுத்தும் மட்டும்தான் பாக்கி. இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "சரிங்க" என்று அம்மா தாளை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பையில் பழைய விசில் ஒன்று கிடந்தது, பழக்கதோஷம்.

பதினோரு மணிக்கு அரண்மனையில் பதவியேற்பு. வயதான ராஜா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நீங்க யாரு?" என்று கேட்டார். "பிரதமருங்க." "ஓஹோ! ரொம்ப சந்தோஷம்." அவ்வளவுதான், முடிந்தது.

பிரதமர் அலுவலகத்தில் செயலாளர் காத்திருந்தார். நாற்பது வயசுக்காரர், ஏழு வருஷத்தில் நாலு பிரதமர்களைக் கரையேற்றியவர். "நீங்க அஞ்சாவது. டீக்கு எத்தன சர்க்கரைம்மா?" என்றார். சுவர் நெடுகப் பழைய பிரதமர்களின் படங்கள். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"இவர்தான் மொதல் பிரதமர். ஆனா அப்ப அப்படியொரு பதவியே கெடையாது. அந்தக் கால ராஜாவுக்கு அமைச்சருங்க விடற சுருட்டுப் புகை ஒத்துக்கல, கூட்டத்துக்கு வர்றதையே நிறுத்திட்டார். யாராவது நடுவுல உக்காரணுமே? இவர் உக்காந்தார். பத்தொம்பது வருஷம் எந்திரிக்கவே இல்ல."

"சட்டத்துல எழுதியிருக்கா?"

"ஒரு வரி கெடையாது. எல்லாமே பழக்கந்தான்."

"இந்த மீசைக்காரர்?"

"பதினோரு நாள். கூட்டணிக் கட்சித் தலைவர் பேசும்போது கண்ணசந்துட்டார். அன்னிக்கே கவுத்துட்டாங்க."

வரிசைக் கடைசியில் ஒரு வெறும் ஆணி. "இது யாருக்கு?" என்று கேட்டார் அம்மா. "உங்களுக்குத்தான்" என்றார் செயலாளர். அம்மாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு பிரதமர் இப்படிச் சிரிக்கலாமா என்று கேட்டுக்கொண்டே சிரித்தார்.

போன் அடித்தது. தங்கை. "அக்கா, டீவில உன்னத்தான் காட்டிக்கிட்டே இருக்காங்க! தலைய வாரிக்கக் கூடாதா? அது கெடக்கட்டும், பாலம் என்னாச்சு?"

"நாலு மணி வரைக்குந்தான்டி நான் பிரதமரு."

"அப்ப நாலு மணிக்குள்ள முடி! கேட்டு இங்க கட்டில் மேல ஏறிக் குதிக்கிறா. கட்டில் ஒடஞ்சா உன் தலையிலதான் கட்டுவேன்."

போனை வைத்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு நின்றது. செயலாளர் பக்கம் திரும்பினார். "ஐயா, நான் ஒரு பாலம் கட்டச் சொன்னா கட்டுவாங்களா?"

"மாட்டாங்கம்மா. அத போக்குவரத்து அமைச்சர் சொல்லணும், நிதி அமைச்சர் ஒத்துக்கணும். பிரதமர் அவங்கள்ல ஒருத்தர்தான், கொஞ்சம் பெரிய நாற்காலி."

"நிதி அமைச்சர வீட்டுக்கு அனுப்பிட்டா?"

"அனுப்பலாம். அவரோட நாப்பது பேரும் கூடவே போவாங்க, நீங்களும் போவீங்க."

"அப்ப நான் எதுக்குத்தான் இருக்கேன்?"

செயலாளர் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தணித்தார். "ஒண்ணு இருக்கும்மா. சபையக் கலைச்சிட்டு தேர்தல் வைங்கன்னு ராஜாகிட்ட கேக்கலாம். அதுக்கு யார் சம்மதமும் வேண்டாம், பிரதமர் ஒருத்தர் கையெழுத்து போதும். ராஜா இதுவரைக்கும் மறுத்ததே இல்ல."

அம்மா சர்க்கரை போடாத டீயை ஒரே மடக்கில் குடித்தார். "அந்தக் கடுதாசிய எப்படி எழுதணும்னு உங்களுக்குத் தெரியுமா?"

இரண்டு மணிக்கு அமைச்சரவைக் கூட்டம். இருபது அமைச்சர்களும் யார் எங்கே உட்காருவது என்று வாசலிலேயே தள்ளுமுள்ளு. அம்மா பைக்குள் கையை விட்டார். விசில் பறந்தது! "உள்ள போங்க, உள்ள போங்க! படியில நிக்காதீங்க! முன்னாடி எடம் இருக்குல்ல?" இருபது பேரும் மறுபேச்சில்லாமல் நகர்ந்து போய் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் அவர்களுக்குக் கோபம் வந்தது.

அம்மா மேஜைமேல் மூன்று தாள்களை வைத்தார். "இது நீங்க குடுத்த ராஜினாமா. இது சபையக் கலைக்கச் சொல்லி ராஜாவுக்கு. இது எங்க ஊர் மேம்பால உத்தரவு. மூணாவதுல எல்லாரும் கையெழுத்துப் போட்டு, நாலு மணிக்குள்ள அரசிதழ்ல அச்சாகி வந்துட்டா நான் மொதல் தாள்ல கையெழுத்துப் போடுவேன். இல்லன்னா ரெண்டாவது தாள்."

தேர்தலா? ஒருவர் போன தடவை ஒன்பது ஓட்டில் தப்பிப் பிழைத்தவர். இன்னொருவர் தொகுதிப் பக்கம் தலைவைத்துப் படுத்தே இரண்டு வருஷமாகிறது. விவசாய அமைச்சருக்கு வியர்த்துக் கொட்டியது, பக்கத்தில் இருந்தவரின் கைக்குட்டையைக் கேட்காமலே எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"இது மிரட்டல்!" என்று நிதி அமைச்சர் மேஜையைத் தட்டினார்.

"இல்லீங்க, கேக்கறேன்" என்றார் அம்மா. "ஒம்பது வருஷமா கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். இன்னிக்குத்தான் உங்க காதுல விழுந்திருக்கு."

விவசாய அமைச்சர்தான் முதலில் பேனாவைத் திறந்தார். அப்புறம் பேனாவுக்கு அடிதடி. போக்குவரத்து அமைச்சர் பதற்றத்தில் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார். நிதி அமைச்சர் கடைசியாக, பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார். மூன்றே முக்காலுக்கு அரசிதழ் சுடச்சுட வந்தது. அம்மா ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார், ஊர்ப் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ராஜினாமாவில் நாலு மணி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாக்கலாமேம்மா" என்றார் செயலாளர்.

"டிரிப் முடிஞ்சா எறங்கிடணுங்க" என்றார் அம்மா.

வாசலில் நிதி அமைச்சர் பொரிந்து தள்ளினார். "அஞ்சு மணி ஓட்டெடுப்புக்கு நீங்க வரவே வேணாம்! செஞ்ச வரைக்கும் போதும்!" உள்துறை அமைச்சரும் ஆமாம் போட்டார். எதிர்க்கோஷ்டியில் ஒருவரைத் தன் பக்கம் இழுத்தாயிற்று என்று இரண்டு பேருக்குமே ரகசிய நம்பிக்கை. அம்மா சர்க்கார் காரைத் திருப்பியனுப்பிவிட்டு டவுன் பஸ் ஏறினார். டிரைவர் பழைய ஆள், டிக்கெட் வாங்காதே என்று சண்டை பிடித்தார். அம்மா வாங்கினார்.

ஐந்தேகாலுக்கு ஊர் எல்லையில் பஸ் நின்றது. கேட் போட்டாயிற்று, கூட்ஸ் வண்டி. அது ஆற அமர வந்து, கேட்டுக்கு நேராக வந்ததும் நின்றேவிட்டது. பஸ்ஸே சேர்ந்து ரயில்வேயைத் திட்டியது. இரண்டு பெட்டிகளுக்கு இடையில் தெரிந்த சந்தில், அந்தப் பக்கம் தங்கை நின்றிருந்தாள். பக்கத்தில் கேட்டு இரண்டு கையையும் வீசிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. செயலாளர். "அம்மா, நாப்பதுக்கு நாப்பது! யாரும் யார் பக்கமும் தாவல. உங்க ஒரு ஓட்டுலதான் எல்லாம் நிக்குது. அடுத்தவர் பதவியேத்துக்கற வரைக்கும் பழக்கப்படி நீங்கதான் காபந்துப் பிரதமர். இருங்க, ரெண்டு பேரும் போனப் புடுங்கறாங்க!"

"எங்கம்மா இருக்கீங்க?" நிதி அமைச்சரின் குரல் கெஞ்சியது. "ஒடனே வாங்க! காரத் திருப்புங்க!"

"பஸ்ல இருக்கேங்க. பின்னாடி முப்பது வண்டி நிக்குது, திரும்ப வழியில்ல. கேட் போட்டிருக்காங்க."

"எப்பத் தெறப்பாங்க?" இது உள்துறை அமைச்சர்.

"அது யாருக்குங்க தெரியும்? அரை மணியும் ஆகும், முக்கால் மணியும் ஆகும்."

"நாட்டோட தலையெழுத்தே தொங்குதும்மா! ஒரு கேட்டுக்காக நாங்க இப்படியே காத்துக்கிட்டிருக்கணுமா?"

பஸ் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. டிரைவர் எஞ்சினை அணைத்தார். அம்மாவுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது, கண்ணில் தண்ணீரும் கூடவே வந்துவிட்டது.

"ஆமாங்க" என்றார். "கொஞ்சம் காத்திருங்க. நாங்கல்லாம் அப்படித்தான் காத்திருக்கோம்."

போனைப் பையில் போட்டுவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கேட்டுவுக்குத் தெரியும்படி அரசிதழை ஆட்டினார்.