ஏழு தப்படிக்குள் தீ இல்லை

சிகரெட்டை விட்ட நிமிடத்திலிருந்து ஷெஹாதேயைச் சுற்றி ஏழு தப்படிக்குள் எந்தத் தீயும் பிடிக்கவில்லை. அது அக்டோபர் மாதம், அவருடைய தம்பி நாயிஃபின் துக்கக் கூடாரத்தில், இரண்டாம் நாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு நடந்தது. நாயிஃப் நுரையீரல் கெட்டு ஐம்பத்தொரு வயதில் செத்துப்போயிருந்தார். வந்தவர்களுக்கு வழக்கம்போலக் கசப்புக் காப்பியும், தட்டில் அடுக்கிய சிகரெட்டும் கொடுத்தார்கள். எண்பது ஆண்கள் உட்கார்ந்து புகை விட்டதில் செத்தவனின் படம் யாருக்கும் தெரியவில்லை. ஷெஹாதே அந்தப் புகையை ஒருதரம் பார்த்தார். விரலிடுக்கில் இருந்ததைக் காப்பிக் கோப்பைக்குள் நசுக்கி, “இனி இந்தக் கருமத்தை நான் தொடமாட்டேன்” என்றார். அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த பதினொரு சிகரெட்டுகளும், காப்பிக் கெண்டியின் அடியில் இருந்த கரியும் ஒன்றாக அணைந்தன.

ஸர்க்காவில் அவரை எல்லோரும் அபூ காலிப் என்றுதான் கூப்பிட்டார்கள். அம்மானுக்கும் ஸர்க்காவுக்கும் இடையே இருபத்தாறு வருடமாகச் சின்ன பஸ் ஓட்டுபவர். நாளுக்கு இரண்டு பாக்கெட், பெருநாளென்றால் மூன்று. ஒரு பாக்கெட் அப்போது இரண்டரை தினார். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை என்பதால் பஸ் எப்போதும்போல ஓடியது. பெட்ரோல் கார்க்காரர்கள் மட்டும் சிக்னலில் அவருக்குப் பக்கத்தில் நிற்காமல் தள்ளி நின்றார்கள். பஸ்ஸுக்குள் லைட்டரைத் தட்டித் தட்டிக் கட்டைவிரல் சிவந்தவர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஸிர்ஹானின் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். பஸ் நிலையத்தில் அவருக்குப் போட்டி ஸிர்ஹான்தான். “அபூ காலிப்பு பஸ்ஸுன்னா சும்மாவா? தீயணைப்பு வண்டியில்ல!” என்று அவன் கத்தினால் நிலையமே சிரிக்கும்.

முதல் மூன்று வாரம் ஏழு தப்படி ஏழாகவே இருந்தது. வீட்டில் மனைவி ரஸ்மியா கேஸ் அடுப்பைப் பூட்டிவிட்டு ஒரு மின்சாரத் தட்டு வாங்கி, அதில் மக்லூபாச் சோறு செய்து பழகிக்கொண்டாள். சங்கடம் நவம்பரில் வந்தது. அபூ காலிப்புக்குச் சிகரெட் ஆசை ஏற ஏற, தீ பிடிக்காத தூரமும் ஏறியது. காலையில் கண் விழித்ததும் வாய் ஊறும். மூன்றாம் மாடிக்காரியின் மண்ணெண்ணெய் ஹீட்டர் அணையும். பஸ் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் கை சட்டைப் பையைத் தடவும். தெருமுனை ஃபலாஃபில் கடையில் எண்ணெய் ஆறிப்போகும். ரொட்டிக் கடை ஹாஜ் ஃபிக்ரி தினமும் அஸருக்குப் பிறகு லைட்டரும் சாக்கட்டியுமாகத் தெருவில் இறங்கி, தீ எங்கே பிடிக்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டுவைத்தார். கோடு நாளுக்கு நாள் அவருடைய கடையை நோக்கி நகர்ந்தது.

ஒரு சாயங்காலம் தாங்கமுடியாமல் அபூ காலிப் பழைய கோட்டுப் பையில் கிடந்த ஒற்றைச் சிகரெட்டை உதட்டில் வைத்தார். வைத்த உடனே சமையலறையில் பூட்டிக்கிடந்த அடுப்பு தானாகப் பற்றிக்கொண்டு உஸ்ஸென்று எரிந்தது. ரஸ்மியா வந்து கதவருகில் நின்று அவரையே பார்த்தாள். அவர் அதைத் துப்பினார். அடுப்பு அணைந்தது. அந்த உஸ் சத்தம் சுவர் தாண்டிக் கேட்டிருக்கவேண்டும். மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது: அந்த மனுஷன் ஒரே ஒரு சிகரெட் பிடித்தால் போதும், எல்லா அடுப்பும் எரியும்.

அன்றைக்குத்தான் ஸிர்ஹான் ஒரு பெட்டியை நீட்டினான். “சிகரெட்டை விட்டவன் வேப் பிடிக்கணும். இது கரண்டு சிகரெட்டு, தீயே கிடையாது. ஆனா ஆம்பளைக்கு ஏத்ததா வாங்கணும். சும்மா பேனா மாதிரி வாயில வெச்சிக்கிட்டு அலையாத.” அது செங்கல் அளவு இருந்தது, உள்ளே இரண்டு பேட்டரி, மேலே கண்ணாடித் தொட்டி, பக்கவாட்டில் எண்கள் ஓடும் திரை. நாற்பத்தைந்து தினார். அபூ காலிப் வீம்புக்கு வாங்கினார். முதல் இழுப்பில் பஸ் முழுக்க மாம்பழ வாசனையோடு வெள்ளை மேகம் நிறைந்து, எஞ்சின்தான் எரிகிறது என்று பதினாறு பேர் ஓடும் வண்டியிலிருந்து குதிக்கப் பார்த்தார்கள். ருஸைஃபா திருப்பத்தில் போலீஸ் நிறுத்தியது. தொட்டி ஒழுகி கால்சட்டை பிசுபிசுத்தது. நாலாம் நாள் இழுத்தால் கருகின துணியின் ருசி வந்தது. இவ்வளவுக்கும் பிறகு நெஞ்சுக்குள் இருந்த பசி அப்படியே இருந்தது, இன்னும் கூடியது. அந்த வாரம் சாக்கட்டிக் கோடு ஹாஜ் ஃபிக்ரியின் கடையைத் தாண்டியது. பேட்டையில் மூன்று நாள் ரொட்டி இல்லை.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை, ஜாஹா வந்தது. பெண் கேட்கவும் கொலைப்பகை தீர்க்கவும் பெரியவர்கள் கூட்டமாகப் போவார்களே, அதேபோல பன்னிரண்டு பேர், இஸ்திரி போட்ட அங்கியோடு. முறைப்படி காப்பியை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார்கள். கேட்டதைக் கொடுத்தால்தான் குடிப்பார்கள்.

“அபூ காலிப், உன் வீட்டுக்கு ஒண்ணு கேட்டு வந்திருக்கோம். எங்களைத் திருப்பி அனுப்பாத” என்றார் ஹாஜ் ஃபிக்ரி. “ஒரே ஒரு சிகரெட். பிடிச்சு முடிச்சுடு. நாளைக்கே மறுபடி விட்டுக்கோ, யார் கேக்கப்போறா?”

“முடியாது, ஹாஜ்.”

“பன்னெண்டு பேர் வந்திருக்கோம்ய்யா. காப்பியைத் தொடாம எந்திரிச்சுப் போனா உனக்குத்தான் அசிங்கம்.”

“குடிச்சாலும் குடிக்காட்டாலும் அது நேத்துக் காப்பி. இந்நேரம் ஆறிப்போயிருக்கும்.”

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஹாஜ் ஃபிக்ரிக்கு முகம் சிவந்தது. “பிள்ளைங்க குளிர்ல நடுங்குது. என் கடையில ஒம்பது பேர் வேலையில்லாம நிக்கிறான். உன் ஒருத்தன் பிடிவாதத்துக்கு ஊரே பட்டினி கிடக்கணுமா?”

ஹாஜ் சொன்னது உண்மைதான். அந்த ஒன்பது பேரையும் அபூ காலிப்புக்குப் பெயர் சொல்லித் தெரியும். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அப்போது உள்வாசலில் இருந்து ரஸ்மியா பேசினாள். ஜாஹாவின் நடுவில் பெண் பேசுவது அந்தப் பேட்டை அதுவரை கேட்டிராதது.

“ஹாஜ், உங்க அடுப்பு எரியணும்னா என் புருஷன் நெஞ்சு எரியணுமா? போன மாசம்தான் இந்த வீட்டுலேர்ந்து ஒரு நெஞ்சைத் தூக்கிட்டுப் போனீங்க. நீங்களும் தோள் குடுத்தீங்க, மறந்துபோச்சா? மூணு நாள் குடுங்க. அதுவரைக்கும் மின்சாரத் தட்டு இருக்கு, ஆளுக்கு ரெண்டு ரொட்டி நான் சுட்டுத் தர்றேன்.”

ஹாஜ் ஃபிக்ரி ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

மறுநாள் காலை ரஸ்மியா கணவரைக் காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு வேப் கடைக்கு இழுத்துப்போனாள். கடைக்காரி இத்திதால், பத்தொன்பது வருடம் மார்புநோய் வார்டில் நர்ஸாக இருந்தவள். அந்தப் பத்தொன்பது வருடமும் வார்டின் பின்கதவில் நின்று புகைத்தவள். பிறகு எப்படியோ விட்டவள். அவருடைய செங்கல் வேப்பை வாங்கிக் கையில் எடைபார்த்துவிட்டு மேசைக்குக் கீழே போட்டாள்.

“எத்தனை பிடிப்பீங்க?”

“நாப்பது.”

“எழுந்ததும் எவ்வளவு நேரம் கழிச்சு முதல் சிகரெட்?”

“கால் தரையில படறதுக்கு முன்னாடி.”

“அப்ப இது உங்களுக்கு ஆகாது. இது மேகம் விட்டு விளையாடறவன் வாங்கறது. நெஞ்சுக்குள்ள நேரா இழுக்கணும், உள்ள ஊத்தற சரக்குல நிகோடினும் கம்மி. நீங்க இழுத்து இழுத்துச் செத்தாலும் ஆசை அடங்காது. புதுசா வர்றவங்க எல்லாரும் புகையைப் பாத்து வாங்கறாங்க. பழைய பழக்கத்தைப் பாத்து வாங்கணும்.” விரல் நீளத்தில் ஒரு கருவியை எடுத்து வைத்தாள். பொத்தான் இல்லை, திரை இல்லை. “சிகரெட் மாதிரி இறுக்கமா வரும். முதல்ல வாயில வாங்கி, அப்புறம் உள்ள இறக்குங்க. மேகம் வராது, யாரும் கைதட்டமாட்டான். சரக்கு காட்டமானது, நாலு இழுப்புல நிறுத்திடுங்க. வாசனை வேணுமா?”

“புதினா இருந்தாப் போதும். பழக்கடை வேண்டாம்.”

“ஒண்ணு சொல்லிடறேன். இது மருந்து இல்ல. சிகரெட் பிடிக்காதவன் வந்து கேட்டா வாசல்லயே விரட்டுவேன். உங்களுக்கு இது ஏணி. ஏறினதும் இறங்கிடணும்.” விலை பதினெட்டு தினார். பணத்தை எண்ணாமல் இழுப்பறையில் போட்டாள்.

அவர் உடனே வாயில் வைக்கப்போனதும் கையைத் தட்டிவிட்டாள். உள்ளே இருக்கும் பஞ்சு நனைய பத்து நிமிடம் ஆகும். காய்ந்த பஞ்சில் இழுத்தால் கருகும், செங்கல்லும் அப்படித்தான் கருகியது என்றாள். அபூ காலிப்பின் வாழ்க்கையில் அதைவிட நீளமான பத்து நிமிடம் இல்லை. அந்தப் பத்து நிமிடமும் ஸர்க்கா நகரம் முழுவதிலும், படைத் தெருவிலிருந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் வரை, எங்கும் ஒரு தீக்குச்சியும் பிடிக்கவில்லை. ஆலையின் உச்சியில் வருடக்கணக்காக எரியும் சுடர்கூடக் குனிந்து நீலமானதைப் பலர் பார்த்தார்கள். எதிரே கபாப் கடைக்காரன் விசிறியைக் கீழே போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தான்.

பிறகு அவர் இழுத்தார். ஒரு இழுப்பு, தொண்டையில் பழைய அடி. இரண்டு. மூன்றாவதில் தோள்கள் இறங்கின. நாலாவதோடு நிறுத்திக்கொண்டார். கபாப் கடையில் கரி சிவந்தது. ரஸ்மியா முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாங்க, தக்காளி வாங்கணும்” என்றாள். ஹாஜ் ஃபிக்ரியின் அடுப்பு பிற்பகலில் யாரும் தொடாமல் பற்றிக்கொண்டது. அன்று சாயங்காலம் அவர் வாளித் தண்ணீர் ஊற்றி எல்லாக் கோடுகளையும் கழுவினார்; மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் ஆறு ரொட்டிகளைத் துணியில் சுற்றி அபூ காலிப் வீட்டு மாடிப்படியில் வைத்துவிட்டுப் போனார்.

வருடங்கள் போயின. காட்டமான சரக்கு பாதியாகி, பிறகு கால்வாசியாகி, மூன்றாம் வருடக் கடைசியில் வெறும் புதினாவானது. நாலாம் வருடம் கருவியை எங்கோ தொலைத்தார், தேடவில்லை. ஆனால் அந்த ஏழு தப்படி மட்டும் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. கல்யாண வீடுகளில் சமையல்காரர்கள் அவருக்கு அடுப்பிலிருந்து எட்டாவது தப்படியில் நாற்காலி போடப் பழகிக்கொண்டார்கள். ஒருநாள் ஸிர்ஹான் நிலையத்தில் சரியாக எட்டுத் தப்படி தள்ளி நின்று, புகையோடு இருமிக்கொண்டே, “அந்த நர்ஸ் கடை எங்கடா இருக்கு?” என்று கத்தினான். “பக்கத்துல வா, சொல்றேன்” என்றார் அபூ காலிப். ஸிர்ஹான் தன் கையில் இருந்த சிகரெட்டைப் பார்த்தான். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, ஒரு தப்படி முன்னால் வந்தான்.

அறுபது வயதில் அபூ காலிப் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனார். குமாஸ்தா உடல்நிலைப் படிவத்தை வேகமாக நிரப்பிக்கொண்டே வந்து, ‘குறிப்பிடத்தக்கவை’ என்ற கட்டத்தில் ‘எதுவுமில்லை’ என்று எழுதப்போனான்.

“இருக்கு. எழுதுங்க” என்றார் அபூ காலிப். “ஏழு தப்படிக்குள்ள தீ பிடிக்காது.”

“அதெல்லாம் எழுதற வழக்கமில்ல, பெரியவரே.”

“அதுக்கு நான் குடுத்த விலை எனக்குத் தெரியும். எழுதாம நகரமாட்டேன்.”

பின்னால் நாற்பது பேர் வரிசையில் முணுமுணுத்தார்கள். குமாஸ்தா சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்து மூன்று முறை தட்டினான். நாலாவது முறையும் தட்டிப் பார்த்தான். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தான்.

“தப்படின்னு போட முடியாது. மீட்டர்ல சொல்லுங்க.”

“அஞ்சு.”

ஐந்து என்று எழுதி, முத்திரை குத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டான்.