நாற்பது பூக்களில் ஒரு கடிதம்

“பத்திரமா வைக்கிறதுன்னா கலர் பேப்பர் அடுக்குலயா வைப்பாங்க? எந்த ஊர்ல அண்ணி இந்த வழக்கம்?”

“வேற எங்க வைக்கிறது? இந்த வீட்டுல எதை வெச்சாலும் மடங்காம இருக்கிற இடம் அது ஒண்ணுதான். உங்கண்ணன் சட்டையை அங்க வெச்சாக்கூட இஸ்திரி கலையாம இருக்கும்.”

“சட்டையா இருந்தா நான் வெட்டியிருக்க மாட்டேன்ல.”

“சொல்ல முடியாது. மஞ்சள் சட்டையா இருந்தா வெட்டியிருப்ப.”

காலை ஏழு மணி. சத்தம் எதிர் வீட்டு முதல் மாடியிலிருந்து வந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை. குழாயை மட்டும் மூடினேன். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை.

அந்த வீட்டில் மூன்று பேர். அண்ணி, அவளுடைய நாத்தனார், நடுவில் அண்ணன். நாத்தனார் ஒரு நாளைக்கு முப்பது தடவை “அண்ணி” என்று கூப்பிடுவதால் தெரு முழுக்க அவளுக்கு அண்ணி என்றே பெயர் ஆகிவிட்டது. நாத்தனாருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. அது கைக்காகவா வாய்க்காகவா என்பதில் தெருவில் இரண்டு கட்சி உண்டு. அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஊரில் யார் நடுவில் மாட்டிக்கொண்டாலும் போய் இறக்கிவிடுவார். தன் வீட்டில் இரண்டு பெண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் இறக்கிவிட ஆள் இல்லை.

அன்றைய சண்டைக்குக் காரணம் ஒரு கடிதம். நகரத்துப் பெரிய கைவினைக் கண்காட்சியில் அண்ணிக்கு ஸ்டால் ஒதுக்கியிருப்பதாக வந்த அனுமதிக் கடிதம். இளமஞ்சள் தாள், கீழே வட்ட முத்திரை. அதற்காக அவள் மூன்று வருடம் காத்திருந்தாள். முதல் வருடம் விண்ணப்பம் ஒரு நாள் தாமதம். அடுத்த வருடம் காத்திருப்போர் பட்டியலில் பத்தொன்பதாவது இடம். போன வருடம் இரண்டாவது இடம். ஆனால் அந்த வருடம் பார்த்து ஸ்டால் கிடைத்தவர்களில் ஒருவருக்கும் ஒரு தலைவலிகூட வரவில்லை, எல்லோரும் வந்து நின்றார்கள். இந்த மூன்று வருடமும் அவள் சும்மா இருக்கவில்லை. காகிதக் கம்மல், நகைப்பெட்டி, பரிசுப் பை, வாழ்த்து அட்டை என்று செய்து செய்து அலமாரியை நிரப்பி, அண்ணனின் துணிமணிகளைக் கட்டிலுக்கு அடியில் ஒரு சூட்கேஸுக்குக் குடியேற்றிவிட்டாள்.

கண்காட்சி அன்று காலை பத்து மணிக்குத் தொடங்குகிறது. அதற்குள் அசல் கடிதத்தைக் காட்டி உள்ளே போகாவிட்டால் ஸ்டால் அடுத்தவருக்குப் போய்விடும். பெயர் மறுபடி பட்டியலின் வாலுக்குப் போகும்.

கடிதமோ பூவாகிவிட்டது.

நடந்தது இதுதான். முதல் நாள் மாலை கத்தரி நாற்பது வாழ்த்து அட்டைகளை முடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் வெள்ளை இதழ் வைத்த ஒரு பூ, நடுவில் மஞ்சள் பொட்டு. மஞ்சள் காகிதம் தீர்ந்துபோயிற்று. அடுக்கில் கைவிட்டாள், ஒரு மஞ்சள் தாள் கிடைத்தது. அதில் ஏதோ அச்சடித்திருந்ததை அவளும் பார்த்தாள். ஆனால் அவர்கள் வேலையில் எழுத்து ஒரு பொருட்டே இல்லை. தாளை மெல்லிய கீற்றுகளாக வெட்டி ஊசியில் சுருட்டினால் வெளியே தெரிவது விளிம்பு மட்டும்தான்; எழுத்தெல்லாம் உள்ளே போய்விடும். பழைய நோட்டீஸ், கரண்ட் பில் எல்லாம் அந்த வீட்டில் ரோஜாவாகவும் பட்டாம்பூச்சியாகவும் மறுபிறவி எடுத்திருக்கின்றன. அதனால் படித்துப் பார்க்கவில்லை. இரும்பு ஸ்கேலை வைத்து நீளவாக்கில் வெட்டினாள். நாற்பது பூவுக்கு நாற்பது கீற்று கச்சிதமாக வந்தது என்று அவளுக்குச் சந்தோஷம் வேறு. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அப்போது அங்கே ஒத்தாசைக்கு இருந்தேன். அதாவது நாற்காலியில் உட்கார்ந்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்கு வேன் வந்துவிட்டது. “போய்க் கேட்டுப் பார்க்கலாம், மனுஷங்கதானே இருப்பாங்க” என்று அண்ணன் பெட்டிகளை இறக்கினார். அண்ணி படியில் நின்று எண்ணினாள்.

“நாப்பது அட்டை செஞ்சோம். முப்பத்தொன்பதுதான் இருக்கு.”

“எண்ணுறவங்க ஒழுங்கா எண்ணினா நாப்பது வரும்,” என்றாள் கத்தரி.

“உன்னை மாதிரி கண்ணை மூடிக்கிட்டு வேலை செய்யலம்மா நான்.”

“நிதானமா எண்ணிப் பாருங்கம்மா,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டேன். “இந்த நிலைமையில உங்களைத் தனியா அனுப்ப மனசு வரல. நானும் வர்றேன்.” யாரும் வேண்டாம் என்று சொல்வதற்குள் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

கண்காட்சி வாசலில் ஒரு மேசை. அதன் பின்னால் ஓர் அலுவலர், முன்னால் ரிஜிஸ்டர், மைப்பெட்டி. பேசும்போதும் ரப்பர் ஸ்டாம்பைக் கையைவிட்டு இறக்காததால் அவருக்கு முத்திரைக்காரர் என்று அங்கேயே பெயர் வைத்துவிட்டேன். மேசைக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய பைகளோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மர பொம்மை செய்கிறவராம், காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். யாராவது வராமல் போனால் அவருக்கு ஸ்டால். பையிலிருந்து மர வாத்துகள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன.

“ஃபோன்ல கடிதத்தோட படம் இருக்கு சார்,” என்று அண்ணி தொடங்கினாள்.

“படம் செல்லாதும்மா. போன வருஷம் ஒரே ஸ்டாலுக்கு மூணு பேர் நகலோட வந்து நின்னாங்க. அன்னைக்கு முழுக்க நான் சாப்பிடவே இல்ல. இந்த வருஷம் அசல் மட்டும்தான்.”

“உங்க ரிஜிஸ்டர்ல என் பேர் இருக்குல்ல சார்.”

“இருக்கு. ரிஜிஸ்டர் என்னோடது, கடிதம் உங்களோடது. ரெண்டும் ஒத்துப்போகணும். அசல் எங்க?”

கத்தரி பெட்டியைத் திறந்து ஓர் அட்டையை நீட்டினாள். “இதுல இருக்கு சார்.”

“எதுல?”

“இந்தப் பொட்டுல. மிச்சம் மத்த பொட்டுங்கள்ல இருக்கு.”

முத்திரைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். அண்ணன் நடந்ததை எடுத்துச் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு அவர், “சரி, எல்லாத்தையும் பிரிச்சு ஒட்டிக் காட்டுங்க, விட்டுடறேன்,” என்றார். போய்விட்டு வாருங்கள் என்பதற்கு அவருடைய பாஷை அது.

கத்தரி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது அடித்து ஐந்து நிமிடம். “ஒட்டினா விடுவீங்கல்ல. எல்லாரும் கேட்டுக்குங்க, சார் வாக்கு குடுத்துட்டார்.”

வாசல் ஓரத்தில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஓர் அட்டைத்தாளை வைத்து இருவரும் உட்கார்ந்தார்கள். ஈரத் துணி வைத்தால் பசை சுலபமாக விடும். ஆனால் தண்ணீர் பட்டால் முத்திரை மை கலைந்துவிடும். அதனால் அண்ணி பிளேடு முனையைப் பொட்டுக்கு அடியில் கொடுத்து நெம்பி எடுத்தாள். கத்தரி நகத்தால் நுனியைத் தேடிப் பிரித்தாள். ஒருத்தி எடுக்க, ஒருத்தி பிரிக்க, சண்டை போட்ட சுவடே தெரியவில்லை. கை வேலை செய்யும்போது அந்த இரண்டு பேருக்கும் வாய் வேலை செய்யாது. இல்லாவிட்டால் அந்த வீடு எப்போதோ இரண்டாகியிருக்கும்.

நீளவாக்கில் வெட்டியதால் ஒவ்வொரு கீற்றிலும் எல்லா வரியிலிருந்தும் ஓர் எழுத்து, அரை எழுத்து இருந்தது. எது எதற்குப் பக்கம் என்று தேடிப் பொருத்த வேண்டும். போதாக்குறைக்கு, ராத்திரி முழுக்கச் சுருண்டு கிடந்த காகிதம், நீட்டிவைத்தால் மறுபடி சுருண்டுகொண்டது. காற்று வேறு.

கத்தரியின் கைக்குப் பக்கத்தில் ஒரு மர வாத்து வந்து உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. பொம்மைக்காரர் கீற்றுகளின் நுனியில் ஒவ்வொரு வாத்தாக வைத்துக்கொண்டிருந்தார்.

கத்தரி நிமிர்ந்து பார்த்தாள். “எங்களால முடியலன்னா ஸ்டால் உங்களுக்குத்தானே. அப்புறம் எதுக்கு வாத்து குடுக்கறீங்க?”

“வாத்து சும்மாதானே இருக்கு.”

“நீங்களும் சும்மாதான் இருக்கீங்க. அந்த நுனியைப் பிடிங்க.”

அவர் பிடித்தார். அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முத்திரைக்காரர் முதலில் ஓரக்கண்ணால் பார்த்தார், பிறகு எழுந்து வந்தார், கடைசியில் குனிந்து உட்கார்ந்தேவிட்டார். “அதை இந்தப் பக்கம் வைங்க. ஏழாவது வரி, ‘பிறருக்கு மாற்றித் தர இயலாது.’ நான்தான் டைப் அடிச்சேன்.”

ஒன்பதே முக்கால். பூக்கள் எல்லாம் நடுவில் ஓட்டையோடு ஒரு பக்கம் கிடந்தன. பெட்டிமேல் கடிதம் எழுந்து வந்திருந்தது, தையல் போட்ட முகம்போல. ஆனால் ஓரிடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரல்கூட நுழையாத இடைவெளி. ஸ்டால் எண்ணைக் கையால் பெரிதாக எழுதியிருந்தார்கள். இரண்டு இருந்தது, அதற்கு அடுத்த இலக்கம் இல்லை. முத்திரையும் நட்டநடுவில் பிளந்து நின்றது.

“ஒண்ணு குறையுது,” என்றார் முத்திரைக்காரர். “இருபத்தி எத்தனைன்னு இல்ல. முத்திரையும் முழுசா இல்ல.” இந்தத் தடவை அவர் குரலிலேயே வருத்தம் இருந்தது.

“அப்பவே சொன்னேன், முப்பத்தொன்பதுதான் இருக்குன்னு,” என்றாள் அண்ணி. கத்தரி குனிந்தாள். கீழே தேடினாள், மற்ற பெட்டிகளைக் கொட்டித் தேடினாள். அண்ணன் வேனுக்கு ஓடினார். அண்ணி தேடவில்லை. திரும்பி வாசலுக்கு உள்ளே பார்த்தாள். எல்லா ஸ்டாலிலும் துணி விரித்து, விளக்குப் போட்டு, பொருள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசை மட்டும் மொட்டையாக நின்றது.

“மூணு வருஷம்,” என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

எனக்குக் கைப்பை கனத்தது. முந்தின நாள் சாயங்காலம், நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாமே என்று ஓர் அட்டையை எடுத்திருந்தேன். என் சித்தி மகளுக்குப் பிறந்தநாளும் வருகிறது. நாற்பதில் ஒன்று என்ன பெரிய கணக்கு என்று நினைத்தேன். திறந்து நீட்டினேன்.

கத்தரி என்னைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். “எதுக்கு அக்கா இது உங்க பையில?”

“வெளிச்சத்துல பார்க்கலாம்னுதான்…”

“பைக்குள்ள லைட்டு போட்டிருக்கீங்களா?”

கூட்டம் சிரித்தது. பொம்மைக்காரர் வாத்தைக் கொண்டு வாயை மறைத்துக்கொண்டார். அண்ணி மட்டும் சிரிக்காமல் அட்டையை வாங்கினாள். பிளேடை வைத்தவள், “கொஞ்சம் நகருங்க அக்கா, நிழல் விழுது,” என்றாள். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கடைசிக் கீற்று உட்கார்ந்தது. இரண்டுக்குப் பக்கத்தில் ஏழு. முத்திரை சற்றுக் கோணலாக, ஆனால் வட்டமாக மூடிக்கொண்டது. முத்திரைக்காரர் ரிஜிஸ்டரில் விரல் வைத்தார், கடிதத்தில் விரல் வைத்தார். பத்துக்கு நாலு நிமிடம் இருக்கும்போது ஸ்டாம்பு இறங்கியது.

பொம்மைக்காரர் வாத்துகளை ஒவ்வொன்றாகப் பையில் போடத் தொடங்கினார்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள் அண்ணி.

“வீட்டுக்குத்தான். வேற எங்க?”

“மேசை ஆறடி. எங்களுக்கு நாலடி போதும்.” பிறகு முத்திரைக்காரரைப் பார்த்தாள்.

அவர் யோசித்தார். “ஒரு கடிதம், ஒரு ஸ்டால். மேசை மேல வாத்து நிக்கக் கூடாதுன்னு நான் டைப் அடிக்கல.”

உள்ளே போனபிறகுதான் அடுத்த கவலை. ஓட்டை விழுந்த நாற்பது பூ. மஞ்சள் காகிதம் இல்லை. வாத்துக்குக் கண் வைப்பதற்காகப் பொம்மைக்காரர் பளபளவென்று தேய்த்த சின்ன மரவில்லைகள் ஒரு டப்பா நிறைய வைத்திருந்தார். கத்தரி கேட்கவில்லை, டப்பாவை எடுத்துக்கொண்டாள். “கண்ணு போனா வாத்து எப்படிப் பார்க்கும்?” என்றார் அவர். “நீங்க பார்த்துச் சொல்லுங்க,” என்றாள் இவள். மத்தியானத்துக்குள் நாற்பது பூவுக்கும் மரப்பொட்டு வைத்தாயிற்று. நகைப்பெட்டியும் கம்மலும் மூன்று நாளும் நிதானமாக விற்றன. அந்த அட்டைகள் முதல் நாள் மாலையே தீர்ந்துவிட்டன. இன்னும் இருக்கிறதா என்று கேட்டு வந்தவர்களிடம் அண்ணி பெயர் எழுதி வாங்கிக்கொண்டாள். அதில் அவளுக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும். அவளும் இப்போது ஒரு காத்திருப்போர் பட்டியல் வைத்திருந்தாள்.

நான் ஊர் திரும்பியதும் தெருவில் நாலு பேரிடம், காதும் காதும் வைத்தமாதிரி, கத்தரிக்கும் முத்திரைக்காரருக்கும்தான் கல்யாணம் என்று சொல்லிவைத்தேன். அவர் அவ்வளவு நேரம் குனிந்து உட்கார்ந்திருந்தது எனக்குச் சாதாரணமாகப் படவில்லை. மூன்றாம் நாள் அவர் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிவந்து, “இந்த ஸ்டால்தான்” என்று காட்டிவிட்டுப் போனார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சொன்ன நாலு பேரிடமும் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

கத்தரி கட்டிக்கொண்டது வாத்துக்காரரை. ஏழு மாதம் கழித்து, கூட்டமில்லாமல், அண்ணனும் அண்ணியும் நின்று நடத்திவைத்தார்கள். அழைப்பிதழில் வெள்ளைப் பூ, நடுவில் மரக்கண். என் அழைப்பிதழைக் கொண்டுவந்து கொடுத்தவள், “எண்ணிதான் செஞ்சிருக்கோம் அக்கா,” என்றாள். அண்ணிக்கு அதற்கப்புறம் வருடம் தவறாமல் ஸ்டால் கிடைக்கிறது. கண்காட்சி ஆபீஸில் கடிதத்தை வெள்ளைத் தாளுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது கீற்று வெட்டுகிறவர் அண்ணன். நேராக வெட்ட இன்னும் வரவில்லை, அண்ணியின் குரல் எங்கள் வீட்டுக்குக் கேட்கிறது, ஆனால் திருப்பிக் கொடுக்க அங்கே ஆள் இல்லை. கத்தரி போன ஊர் பஸ்ஸில் நாலு மணி நேரம்.