பதினோராம் வட்டத்து உறுப்பினர்

“போனக் குடுங்க, ஒரு விஷயம் கேக்கணும்.”

“இரும்மா, ஒருத்தி சந்தேகம் கேட்டிருக்கா. பதில் போடாம விட்டா உன் பேருதான் கெடும்.”

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கணவர் அவளுடைய பெயரில் தட்டிக்கொண்டிருந்தார். அரசியலுக்கு வந்த பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கவென்று இணையத்தில் நடக்கும் குழு அது. இருநூறு பேர். அவள் படத்தைப் போட்டு ஒன்றரை வருடமாக அவர்தான் அதில் பேசிவருகிறார். தேர்தலில் நின்றதும் ஜெயித்ததும் அவள். ஆனால் தெருவில் அவரைத்தான் ‘கவுன்சிலர்’ என்று கூப்பிடுகிறார்கள். அவள் ‘கவுன்சிலர் வீட்டம்மா’. முதலில் கேட்டுச் சிரித்தாள். பிறகு அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

“இன்னைக்குக் கூட்டத்துல, மார்க்கெட்ல இருக்கற பொம்பளைங்க கழிப்பறைய இடிக்கத் தீர்மானமாமே?”

“வண்டி நிறுத்த எடம் வேணும்ல?”

“அங்க வியாபாரம் பண்றவங்க எங்க போவாங்க? பத்து வருஷம் அங்க தையல் மிஷின் மிதிச்சவ நான். எனக்குத் தெரியாதா?”

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ சட்டையத் தேச்சு வை.”

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் குளிக்கப் போனார். போன் மேசைமேல் கிடந்தது. அவள் எடுத்து, அந்தக் குழுவில் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தாள்: ‘கூட்டத்தில் என் எதிர்ப்பைப் பதிவு செய்ய என்ன செய்யணும்?’

உடனே பதில் வந்தது. சிரித்த முகத்தோடு ஒரு பெண்ணின் படம். பக்கத்தில், ‘என்ன அண்ணே, போன் வீட்டம்மா கைக்குப் போயிடுச்சா? பூட்டு போட்டு வைக்கறதில்லையா?’

இன்னொரு பெண்ணின் படத்தோடு: ‘நான் வாரம் ஒரு தடவை பூட்டு நம்பரையே மாத்திடுவேன் தலைவரே!’

அவள் ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். எல்லாரும் அவளைப் போலவே ஸ்டுடியோவில் தலையை லேசாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். இந்நேரம் எந்தெந்த அடுப்படியில் நிற்கிறார்களோ.

மேலே தள்ளிக்கொண்டே போனதில், நான்கு மாதத்துக்கு முன் அவள் பெயரிலேயே ஒரு பதில் இருந்தது: ‘வாக்கெடுப்புக்கு முன் எழுந்து நில்லுங்கள். எதிர்ப்பைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும்வரை உட்காராதீர்கள்.’ கீழே அறுபது நன்றிகள்.

அவர் கெட்டிக்காரர்தான். இதை ஒருநாள் வீட்டிலும் சொல்லியிருக்கலாம்.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நிற்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

கூட்ட அறையில் பெண் உறுப்பினர்களுக்கு ஐந்து நாற்காலிகள். நான்கில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேரும் நான்கு உறுப்பினர்களின் கணவர்கள். ஐந்தாவதில் அவள் உட்கார்ந்தாள்.

“என்னம்மா, அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லையா?” என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

“நல்லாத்தான் இருக்காரு. குளிக்கறாரு.”

யாரோ களுக்கென்று சிரித்தார். எழுத்தர் மூன்றாவது தீர்மானமாகக் கழிப்பறையைப் படித்தார். அவள் எழுந்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் இத எதிர்க்கறேன். குறிப்பேட்டுல எழுதுங்க.”

எழுத்தர் பேனா மூடியைத் திறக்கவில்லை. அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

“கவுன்சிலர் வந்துடட்டும்மா. அவர ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதிக்கலாம். நீங்க உக்காருங்க.”

நான்கு தலைகளும் அதற்கு ஆடின.

அவள் வட்டத்தின் எண்ணைச் சொன்னாள். பிறகு தன் முழுப்பெயரைச் சொன்னாள். பதவியேற்ற நாளுக்குப் பிறகு அந்த அறையில் அவள் வாயால் அதை யாரும் கேட்டதில்லை.

“எழுதி முடிங்க. அதுவரைக்கும் நிக்கறேன்.”