அக்கா வீட்டுப் புகைபோக்கி

1

இந்தக் கதையில் ஒரே ஒரு வாக்கியம்தான் உண்மையாகக் கிடைத்தது. மிச்சமெல்லாம் நான் இட்டுக்கட்டியது. அந்த வாக்கியத்தைக் கொடுத்தவர் என்னோடு வேலை பார்த்தவர். கடலோர வீடுகளுக்குப் போய்ப் புகைபோக்கியைச் சுத்தம் செய்வதும், அது நல்லபடியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதும் எங்கள் பிழைப்பு. வேனை அவர் ஓட்டுவார், பக்கத்தில் நான், பின்னால் ஏணியும் பிரஷ்களும். ஒருநாள் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எவன் வீட்டுச் சிம்னின்னாலும் தலையைக் குடுப்பேன். எங்க அக்கா வீட்டுது மட்டும் இனிமே தொட மாட்டேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. சிக்னலில் பச்சை விழுந்தது, வண்டி நகர்ந்தது, பேச்சு அங்கேயே இறங்கிக்கொண்டது. அப்புறம் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். 'இனிமே' என்ற சொல் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. இனிமே என்றால், முன்பு ஒருதரம் தொட்டிருக்கிறார்.

அந்த ஒருதரத்தைத்தான், அவரைத் 'தம்பி' ஆக்கி, எழுதப் பார்க்கிறேன். எழுத்து எனக்கு வயசான பிறகு வந்தது. பாடுபட்டு எழுதிய வரியை அடித்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல நகர மனசு வருவதில்லை. ஆகவே பாதியில் விட்ட வரிகளும் இங்கேயே கிடக்கும். காலில் தட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

கடல் அன்று கோபமாக

(கடலுக்கு எதற்குக் கோபம்? அது பாட்டுக்கு இருந்தது.)

தம்பிக்குக் காலையிலிருந்தே மனசு சரியில்லை, ஏதோ நடக்கப்போகிறது என்று

(பொய். வேலைக்குக் கிளம்புகிறவனுக்கு வேலை ஞாபகம்தான் இருக்கும்.)

தம்பி வேனிலிருந்து ஏணியை இறக்கும்போது அக்கா வாசலில் நின்றுகொண்டு அவன் சட்டையைக் கேலி செய்தாள்.

இது நிற்கும்போல் இருக்கிறது. இதிலிருந்தே போவோம்.

"என்னடா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி வெள்ளைச் சட்டை?"

"உன் நாத்தனார்தான் எடுத்துக் குடுத்தா. அக்கா வீட்டுக்காவது மனுஷனாப் போன்னா."

"நாத்தனார் இல்லடா, தம்பி பொண்டாட்டி. உறவுமுறையைக்கூடக் கரியில தொலைச்சிட்டியா? திரும்பிப் போகும்போது அடுப்புச் சட்டி மாதிரி போவ. அவ என்னைத்தான் திட்டப் போறா."

"திட்டினா வாங்கிக்க. எனக்குத் தினமும் கிடைக்குது."

அக்கா சிரித்தாள். அத்தான் போன பிறகு அவள் சிரித்து அவன் பார்த்தது அன்றுதான்.

அத்தான் என்பது அக்காவின் புருஷன். போன குளிர்காலத்தின் தொடக்கத்தில், குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பறையில் சாய்வு நாற்காலியில் படுத்தவர், விடிந்ததும் எழுந்திருக்கவில்லை. ஏற்கெனவே இதயத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். டாக்டர் வந்தார், மாத்திரை டப்பாவைப் பார்த்தார், தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. அதற்கப்புறம் அந்தக் கணப்பில் அக்கா நெருப்பே மூட்டவில்லை. குளிர் முழுவதும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சமையலறையிலேயே கிடந்தாள்.

இப்போது மறுபடி குளிர் வருகிறது. மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கப்போகிறாள். குழந்தைக்குச் சூடு வேண்டும். அதனால்தான் தம்பியைக் கூப்பிட்டாள்.

3

தம்பி கணப்பின் வாயைத் துணியால் மூடி, துணியிலிருந்த ஓட்டை வழியாகப் பிரஷ்ஷை நுழைத்தான். ஒரு கம்போடு இன்னொரு கம்பைத் திருகி, மேலே மேலே தள்ளினான்.* கரி பொலபொலவென்று கொட்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை வைத்தே உள்ளே எப்படி இருக்கிறது என்று அவனால் ஓரளவு சொல்ல முடியும். கடலோரத்தில் கரி காய்ந்து உதிராது. உப்பு ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். கொஞ்சம் களிம்பு மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

பாதிக்கு மேல் போனதும் பிரஷ் நின்றது.

தள்ளிப் பார்த்தான். மெத்தையில் குத்துகிற மாதிரி இருந்தது. உடைந்த செங்கல் என்றால் கம்பு 'டக்' என்று சொல்லும். இது ஒன்றும் சொல்லவில்லை.

"என்னடா நிறுத்திட்ட?" என்றாள் அக்கா சமையலறையிலிருந்து.

"ஒண்ணுமில்லக்கா. மேல போய்ப் பாத்துட்டு வரேன்."

* கம்பை வலப்பக்கமாக மட்டும்தான் திருக வேண்டும். மறந்துபோய் இடப்பக்கம் ஒரு திருகு திருகினால் பிரஷ் கழன்று உள்ளேயே நின்றுவிடும். அப்புறம் சுத்தம் செய்ய வந்தவனே அடைத்துவிட்டுப் போன கணக்கு. இது கதைக்கு அவசியமில்லை. தெரிந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

4

கூரையில் ஏறி, டார்ச்சையும் கண்ணாடியையும் வைத்து உள்ளே பார்த்தான். பார்த்த கணத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

உங்களுக்குத் தெரியவேண்டுமானால் நான் முந்தைய வருஷத்து வசந்தத்துக்குப் போகவேண்டும்.

அப்போதும் தம்பி இதே ஏணியோடுதான் வந்தான். புகைபோக்கியின் உச்சியில் ஒரு கடற்காகம் கூடு கட்டி, அடைகாத்துக்கொண்டிருந்தது. அக்கா ஏணியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"குஞ்சு பொரிச்சுப் பறந்து போகட்டும். அப்புறம் வந்து சுத்தம் பண்ணு. கோடையில யாருடா நெருப்பு மூட்டப்போறா?"

வாசலில் உட்கார்ந்திருந்த அத்தான் சொன்னார்: "பாத்தியா மாப்ளே, உங்க அக்காவை. நான் இருமினா திரும்பிப் படுத்துக்குவா. அந்தப் பறவை இறக்கையைச் சிலுப்பினா ஓடிவந்து பாக்குறா."

"அது சொன்ன பேச்சுக் கேக்குது," என்றாள் அக்கா.

கோடை முடிந்து தம்பி திரும்பி வந்தான். கீழேயிருந்து பார்த்தால் உச்சி வெறுமையாக இருந்தது. "எல்லாம் பறந்து போச்சு. கூட்டையும் காத்து அள்ளிட்டுப் போயிடுச்சு," என்றாள் அக்கா. அவனும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினான். உள்ளே வந்து சாப்பிட்டார்கள், அத்தானோடு சீட்டாடினான், பேச்சில் பொழுது போனது. ஏணி வேனை விட்டு இறங்கவேயில்லை. அந்நியர் வீடு என்றால் கண்ணாடி வைத்துப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்லமாட்டான். சொந்த அக்கா வீடு. அக்கா சொன்னதே போதுமென்று இருந்துவிட்டான்.

காற்று எதையும் அள்ளிக்கொண்டு போகவில்லை. கனம் தாங்காமல் கூடு உள்ளே சரிந்து, புகை போகும் வழியை அடைத்திருந்தது.

முதல் குளிர் வந்த அன்று அத்தான் கணப்பை மூட்டியபோது கொஞ்சம் புகை அறைக்குள் வந்திருக்கும். யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். கடலோர வீடுகளில் புகை திரும்பி வந்தால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கடல்காத்து இறக்கிவிடுது." நெருப்பு கங்கான பிறகு புகை தெரியாது. தெரியாமல் வரும் விஷவாயுதான் ஆளைக் கொல்வது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

தம்பி கூரையின் மேல் கண்ணாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கீழே அக்கா யாருக்கோ துணி உதறிக் காயப்போடும் சத்தம் கேட்டது. வரப்போகிற குழந்தையின் துணியாக இருக்கும். சின்னச் சின்ன உதறலாக இருந்தது.

5

இங்கே நிறுத்திவிட்டு உங்களோடு கொஞ்சம் பேசவேண்டும்.

தம்பி கூட்டைக் கொக்கி போட்டு இழுத்து வெளியே எடுக்கிறான். காய்ந்த கடல்பாசி, வலைக் கயிற்றின் நூல்கள், இறகுகள், மீன் முள், எல்லாம் கரியில் ஊறி ஒரே உருண்டையாக வருகிறது. அதைச் சாக்கில் போட்டுக் கட்டுகிறான். அந்த நிமிஷமே முடிவு செய்துவிடுகிறான்: அக்காவிடம் சொல்லக்கூடாது. அவள் இரக்கப்பட்டதால் புருஷன் செத்தான் என்று எந்தத் தம்பி சொல்வான்?

இப்படித்தான் முதலில் எழுதினேன். நல்ல தம்பி, பாசக்காரன் என்று எனக்கே அவன்மேல் பெருமையாக இருந்தது. பிறகு சந்தேகம் வந்தது. இவன் அக்காவைக் காப்பாற்றுகிறானா, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறானா? கூடு என்றால் அவளுடைய இரக்கம் மட்டுமா? இறங்காத ஏணியும் அதில் இருக்கிறதே. சாக்கை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அவனுடைய பங்கும் அதற்குள்தான் கிடக்கிறது.

அவனிடமே கேட்டுப் பார்த்தேன். (எழுதுகிறவன் கேட்கலாம்.) அவன் பாட்டுக்கு ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தான்.

6

அக்கா கணப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சட்டையைப் பார்த்துக் கேலி செய்யப்போகிறாள் என்று தம்பி நினைத்தான். அவள் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. யார்கிட்டயும் சொன்னதில்ல."

"சொல்லுக்கா."

"அவர் போன அன்னிக்கு ராத்திரி எங்களுக்குள்ள சண்டை. வீட்டை வித்துட்டு மக ஊருக்குப் போயிடலாம்னார். இந்த உப்புக்காத்துல எலும்பெல்லாம் துருப்பிடிக்குதாம். நான் கத்தினேன். உங்களுக்கு நெருப்புதானே வேணும், போய் அந்தக் கணப்பையே கட்டிக்கிட்டுப் படுங்க, என் பக்கத்துல வராதீங்கன்னு சொல்லிட்டேன்."

தம்பி சாக்கைக் கீழே வைக்கவில்லை.

"ஒரு வார்த்தை பேசலைடா. கம்பளியை எடுத்துக்கிட்டு இங்க வந்துட்டார். ஏற்கெனவே பலவீனமான மனுஷன். அந்தச் சொல்லுதான் அவர் நெஞ்சை நிறுத்திடுச்சு. நான்தான் கொன்னேன்."

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவனுக்குத் தெரியும். அதுதான் அவன் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

7

இனி முடிவுகள்.

ஒன்று. அவன் சொல்லிவிடுகிறான். சண்டையால் இல்லை, சொல்லால் இல்லை, இந்தக் கூட்டினால். அக்கா ஒரு குற்றத்தைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். "அப்ப அன்னிக்கு உன்னை ஏற விட்டிருந்தா?" என்கிறாள். இந்தக் கேள்விக்குப் பிறகு என் பேனா

இரண்டு. சொல்லாமல் விட்டுவிடுகிறான். "வெறும் கரிதான்க்கா" என்று சாக்கை வேனில் போடுகிறான். பேத்தி தவழும் வீட்டில் அக்கா சாகும்வரை தான் பேசிய ஒரு வாக்கியத்தோடு குடித்தனம் செய்கிறாள். எழுதும்போது சுலபமாக இருந்தது. அதனாலேயே பிடிக்கவில்லை.

மூன்று. இதற்காக நான் ஒரு வேலை செய்தேன். மூன்றாம்தரம் எழுதும்போது புகைபோக்கியின் உள்குழாயில் துருவை வைத்தேன். உப்புக்காற்றும் ஈரக்கரியும் சேர்ந்தால் நல்ல இரும்பையே சல்லடையாக்கிவிடும்; கடலோரத்தில் இது நடக்காத விஷயமல்ல. தம்பி துருவைக் காட்டி, "உப்பு அரிச்சிடுச்சுக்கா, புகை உள்ள இறங்கிடுச்சு, யார் மேலயும் தப்பில்ல" என்று சொல்வான். உப்பு யாருக்கும் அக்காவும் இல்லை, தம்பியும் இல்லை. பழியை எவ்வளவு போட்டாலும் கரைத்துக்கொள்ளும்.

எழுதி முடித்துப் படித்தபோது வெட்கமாக இருந்தது. அந்தத் துருவை அங்கே வைத்தது கடல் இல்லை, நான். கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு துருவைப் பற்றிப் பேசுகிற ஒருவனை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. துருவைத் துடைத்துவிட்டேன். அக்கா வீட்டு உள்குழாய் நன்றாகத்தான் இருக்கிறது.

8

எந்த முடிவை எழுதினாலும் அக்கா குறுக்கே வந்து ஒன்றைக் கேட்டுவிடுகிறாள். இதை நான் யோசித்து வைக்கவில்லை. அவளாகக் கேட்டாள்.

"அவருக்கு வலிச்சிருக்குமாடா? நெஞ்சு வலிச்சு, என்னைக் கூப்பிடணும்னு நெனச்சு, நான் வராதீங்கன்னு சொன்னதால கூப்பிடாம இருந்திருப்பாரா?"

தம்பி சாக்கைக் கீழே வைத்தான்.

அவனிடம் பதில் இருக்கிறது. இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு அது தெரியும். அந்தப் புகையில் மயங்கி, கடைசி நேரத்தில் தூக்கி வெளியே போடப்பட்டுப் பிழைத்த ஒருவரை அவன் பார்த்திருக்கிறான். "தலை கனத்துச்சு, தூக்கம்னு நெனச்சேன், தூங்கிட்டேன், அவ்வளவுதான்" என்றார் அவர். அத்தான் அந்த நாற்காலியில் வலியோடு விழித்துக் கிடக்கவில்லை. கூப்பிடலாமா வேண்டாமா என்று தவிக்கவில்லை. அவள் சொன்னதை நினைத்துக்கொண்டே சாகவில்லை. சண்டை போட்டுவிட்டு, கம்பளியை இழுத்து மூடி, காலையில் சமாதானம் ஆகிவிடலாம் என்று தூங்கிப்போன ஒரு மனுஷன். அவ்வளவுதான்.

அக்காவுக்கு இந்த உலகத்தில் வேண்டிய ஒரே பதில் அது. அந்தப் பதில் கூட்டுக்குள்தான் இருக்கிறது. கூட்டைக் காட்டாமல் அதை மட்டும் உருவி எடுத்துக் கொடுக்க முடியாது. நான் முயன்று பார்த்தேன். எத்தனை தாள் போனது என்று கேட்காதீர்கள்.

9

அவள் இன்னும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தம்பி வாயைத் திறக்கிறான். முதல் சொல்லை

(நான் போடப்போவதில்லை. நீங்கள் போடுங்கள். உங்களுக்கும் ஒரு அக்காவோ தம்பியோ இருக்கலாம். எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.)

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தொழில்காரனாகச் சொல்லிவைக்கிறேன், அதை நீங்கள் மாற்றக்கூடாது. நீங்கள் எந்தச் சொல்லைப் போட்டாலும், சொல்லி முடித்த கையோடு அவனால் கிளம்பிப் போய்விட முடியாது. சுத்தம் செய்த புகைபோக்கியில் நெருப்பு மூட்டி, புகை நேராக மேலே ஏறுகிறதா என்று வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்த பிறகுதான் அந்த வேலை முடிந்ததாக அர்த்தம். அதுவரை நெருப்பைவிட்டு எழுந்திருக்கக்கூடாது.

ஆகவே இரண்டு பேரையும் கணப்பின் முன்னால் உட்காரவைத்துவிட்டுப் போகிறேன். விறகு கொஞ்சம் ஈரம். பிடிக்க நேரமாகும்.