டிராகன்களுக்கு நோன்பு வைத்தவன்

என் பெயர் ஜசிந்தன். புளியந்தீவில் ஒரு நில அளவையாளரிடம் வரைபடம் கீறுகிறேன். அது சம்பளத்துக்கு. சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு மேல்மாடி அறையில் ஓர் இராச்சியத்தை ஆளுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

இராச்சியத்தின் பெயர் நீர்க்கோட்டை. கடதாசி, பென்சில், இருபது முகமுள்ள ஒரு கட்டை, களைக்காத வாய். இவ்வளவும் இருந்தால் விளையாட்டு நடக்கும். எந்த ஊரில் என்ன ஆபத்து என்று மாஸ்டராகிய நான் சொல்வேன். மந்திரவாதி, படைவீரன் என்று வேடம் எடுத்தவர்கள் தாங்கள் செய்யப்போவதைச் சொல்வார்கள். கட்டையை உருட்டினால் அது பலித்ததா இல்லையா என்று தெரியும். முப்பத்தைந்து வயதில் இது தேவையா என்று என் மாமி ஒருத்தி கேட்டாள். டீவி நாடகத்து மருமகள்களுக்காகத் தினமும் அழுது மூக்குச் சிந்துகிறவள், என்னைக் கேட்க வந்துவிட்டாள்.

என் குடிகள் நாலு பேர். களுவாஞ்சிக்குடி மதுரன் விவசாயப் போதனாசிரியர். வயலுக்குச் சொன்னது போக மிச்ச வாயை எங்களிடம் கொண்டுவருவான். வதனி தாதி. ஜொய்சன் போன் திருத்துகிறவன். நாலாவது ஆள் றிஸானா, ஏறாவூரில் கணிதம் படிப்பிக்கிறவள். மற்ற மூவரும் கதவைக் கண்டால் உடைப்பார்கள்; அவள் மட்டும் திறப்பு எங்கே என்று கேட்பாள். நாலு பேருக்குக் குறைந்தால் இந்த ஆட்டம் ஓடாது.

நாலு வருடமாக என் உயிரை வாங்கியது பண்டிகைகள்தான். நத்தாருக்கு ஜொய்சன் வரமாட்டான். பொங்கலுக்கு மதுரன் இல்லை. கோயில் திருவிழா என்று வதனி, நோன்பு என்று றிஸானா, மாதா திருநாள் என்றால் வெட்கக்கேடு, நானே இல்லை. ஆகவே ஒரு நாள் முடிவெடுத்தேன். நாள்காட்டியில் இருக்கிற அத்தனை பண்டிகையையும் தூக்கி நீர்க்கோட்டைக்குள் போட்டுவிடுவது. பண்டிகை எங்களிடமே நடக்கும்போது இவர்கள் எங்கே போவார்கள்?

ஒரு தடித்த கொப்பி வாங்கி எழுதத் தொடங்கினேன். நத்தார் 'ஓடம் வந்த இரவு' ஆனது: தாடிக்கிழவன் ஒருவன் துடுப்பு வலித்து வந்து பரிசு தருவான், பரிசுகளில் ஒன்று பாம்பு. பொங்கலில் அரக்கர்கள் சூரியனுக்குப் பொங்குவார்கள். பானை எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கம் படை நடக்க வேண்டும். மதுரனின் படை மூன்று முறையும் கடலுக்குள் நடந்து போய்விட்டது. விவசாயம் படித்தவனுக்கு ஒரு பானையைப் பார்க்கத் தெரியவில்லை.

நோன்பு மாதத்தை எழுதியபோது என் கெட்டித்தனத்தில் எனக்கே மயக்கம் வந்தது. டிராகன்கள் விடிந்தது முதல் பொழுதுபடும் வரை வாயில் ஒன்றும் வைப்பதில்லை. பொழுதுபட்டதும் அவற்றின் நெருப்பு இரண்டு மடங்கு. முப்பது பக்கம் எழுதினேன். பசிக்குப் புள்ளி, தாகத்துக்குப் புள்ளி, பொறுமைக்குத் தனிப் புள்ளி.

அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை, டிராகன்கள் நோன்பு திறக்கும் காட்சி. சும்மா வாயால் சொன்னால் போதாது என்று நினைத்தேன். என்னோடு கந்தோரில் வேலை செய்யும் நண்பர் ஒருவரைப் பிடித்து ஒரு வாளி நோன்புக் கஞ்சி எடுப்பித்தேன். பின்னேரம் நாலு மணிக்கு, ஆவி பறக்க, மேசையின் நடுவில் வைத்தேன். நாங்கள் நாலு பேரும் குடித்தோம். றிஸானா தன் புத்தகங்களைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். உனக்கு ஒரு கோப்பை ஊற்றவா என்று கேட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று ஒரு போத்தலில் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது என்று அன்றைக்கு நான் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். இப்படி ஒரு மண்டையை நான் முப்பத்தைந்து வருடம் சுமந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு றிஸானா பிந்தி வரத் தொடங்கினாள். பிறகு இரண்டு சனிக்கிழமை வரவேயில்லை. ஏறாவூரில் டீச்சர்மார் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு ஆட்டம் தொடங்கியிருக்கிறார்கள் என்று ஜொய்சன் ஒரு செய்தி கொண்டுவந்தான். அவள் போனால் நீர்க்கோட்டைக்குப் பூட்டுத்தான். உண்மையைச் சொன்னால், அதைவிட அவள் போவதுதான் எனக்குப் பெரிய கவலை. அவளை நிற்பாட்ட ஒரு பெரிய பண்டிகை வேண்டும் என்று நினைத்தேன். என் மூளைக்கு வேறு மருந்து தெரியாது.

வைகாசி வந்திருந்தது, கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கும் காலம். தங்கள் பக்கத்தில் நடந்த கொம்புமுறியைப் பற்றி மதுரன் சொல்லியிருந்தான். ஊர் இரண்டு சேரியாகப் பிரிந்து, வளைந்த இரண்டு தடிகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி இழுப்பார்கள். எவரின் கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றார்கள். வென்றவர்கள் தோற்றவர்களைப் பாட்டிலேயே நாறடிப்பார்கள், ஒருவரும் கோபிக்கக்கூடாது. கேட்டதும் எனக்கு வாயூறியது.

நீர்க்கோட்டைக்கு அதை மாற்றியபோது இரண்டு விதிகளை என் சொந்தச் சரக்காகச் சேர்த்தேன். ஒன்று, தோற்ற சேரியின் தலைவன் பொழுதுபடும் வரை வாய் திறக்கக்கூடாது. ஆளாளுக்கு எழும்பி அவனை ஏசுவார்கள். இரண்டு, வாய் திறந்தால் அவன் தன் பதவியை இழப்பான். எதிர்ச்சேரித் தலைவன் மதுரன். ஒரு முழுப் பின்னேரம் மதுரனின் வாய் பூட்டிக் கிடப்பதைப் பார்க்கும் ஆசையில்தான் இந்த விதிகளை எழுதினேன் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு றிஸானா வந்திருந்தாள். சும்மா சொன்னால் போதாது என்று மதுரனிடம் எடுப்பித்த இரண்டு அசல் கொம்புகளில் தடித்ததை நான் முந்திக்கொண்டு எடுத்தேன். என் பக்கம் ஜொய்சன், அந்தப் பக்கம் மதுரனும் வதனியும், நடுவராக றிஸானா. மூன்றாவது இழுவையில் என் கொம்பு படாரென்று முறிந்து நான் கதிரையோடு விழுந்தேன். உள்ளே முழுக்க உக்கிப்போன தடி. மதுரன் சிரித்த சிரிப்பு புளியந்தீவுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

என்னை எழுப்பி இருத்தி ஏசத் தொடங்கினார்கள். நான் ஒரு கதவை வர்ணிக்க எடுக்கும் நேரத்தில் ஒரு போகம் விதைத்து அறுக்கலாம் என்று மதுரன் மெட்டுக் கட்டிப் பாடினான். தான் இரவு வேலை முடித்து நித்திரையில்லாமல் வந்த அன்று, தன் வேடமான சூனியக்காரியை ஒரேயொரு புள்ளிக்காகக் கொன்ற பாவி என்று வதனி தொடங்கி, என் மீசை வரைக்கும் போனாள். ஜொய்சன் என் சேரிக்காரன் என்பதையே மறந்து, தாடிக்கிழவன் தனக்கு மட்டும் இரண்டு முறை பாம்பு கொடுத்ததை இழுத்தான். காது சுட்டது. ஆனால் பொய் சொல்லக்கூடாது, சந்தோஷமாகவும் இருந்தது.

கடைசியாக றிஸானா எழும்பினாள்.

"ஜசிந்தன் அண்ணன் நல்லவங்க," என்றாள். "நாலு வருசமா நல்லாத்தான் நடத்தினீங்க. எனக்கு ஏசுறத்துக்கு ஒண்டுமில்ல. இனி நான் வரமாட்டன், அதச் சொல்லத்தான் வந்தது."

பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைக் கிழிகிழியென்று கிழித்த மூன்று பேரும் அடுத்த சனிக்கிழமை வருவார்கள். நல்லவன் என்றவள் போகிறாள். தெரியாதவர் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் புறப்படுகிறவர்கள்தான் இப்படி மரியாதையாகப் பேசுவார்கள்.

நேரம் நாலரை. பொழுதுபட இன்னும் இரண்டு மணித்தியாலம் கிடந்தது. நான் கையை ஆட்டினேன், காலை உதைத்தேன். மதுரன் எனக்குத் தாகம் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். றிஸானா ஒரு காலில் சப்பாத்தைப் போட்டுவிட்டு மற்றதை எடுத்தாள்.

"போகாத றிஸானா," என்றேன். "எனக்கு ஏசிப்போட்டுப் போ."

மதுரன் மெதுவாக, "வாயத் துறந்திட்டாய் மனே. மாஸ்டர் பதவி போச்சு," என்றான். போகட்டும் என்றேன். ஒரு புள்ளிக்காக ஆளைக் கொன்றவன் இப்படிச் சொன்னதை வதனி நம்பாமல் பார்த்தாள்.

றிஸானா ஒற்றைச் சப்பாத்தோடு திரும்பி வந்தாள். உண்மையாகத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

"நோன்பு மாசம், பின்னேரம் நாலு மணி," என்றாள். "நான் விடியச் சாமத்துல தின்டது. நடு மேசையில கஞ்சிய வெச்சு நாலு பேரும் உறிஞ்சி உறிஞ்சிக் குடிச்சீங்க. அதுகூடப் பெரிசில்ல, பசி எனக்குப் பழக்கம். என்ட நோன்பப் பத்தி முப்பது பக்கம் எழுதியிருக்கீங்க. அதுல ஒரு வரி, ஒரேயொரு வரி, என்னட்டக் கேட்டு எழுதினீங்களா? நான் மேசைக்கு இந்தப் பக்கத்துலதான இருந்தன்."

கேட்கவில்லை என்று மட்டும் சொன்னேன். கஞ்சியில் இரண்டாம் கோப்பை கேட்டவன் ஜொய்சன், அவன் மேசைக்கு அடியில் எதையோ தேடினான்.

அவள் நிறுத்தவில்லை. மெட்டில்லை, பாட்டில்லை, அசல் ஏச்சு. நோன்பு என்றால் பட்டினிப் போட்டியா என்றாள். பொறுமைக்குப் புள்ளி போட நான் யார் என்றாள். தான் போத்தலில் கொண்டுபோன கஞ்சி என் கெட்டித்தனத்தைப்போலவே ஆறிப் புளித்துப்போனது என்றாள். அவளுடைய ஏறாவூர் பஸ் போய்விட்டது, அடுத்ததும் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் அவளிடம் படிக்கிற பிள்ளைகளை நினைத்து எனக்கு இரக்கமும் பொறாமையும் ஒன்றாக வந்தன.

முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. வதனி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு மேசையில் கிடந்த என் கொப்பியை எடுத்துப் பக்கங்களைத் தட்டினாள். டிராகன் பக்கங்கள், ஓடம் வந்த இரவு, பொங்கல் பானை எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்துக் கொப்பிக்குள் வைத்து, இரண்டையும் பைக்குள் போட்டாள்.

"திருத்தித்தான் தருவன்," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை கொண்டுவருவாயா என்று கேட்டேன். குரல் எனக்கே பிச்சைக்காரன் குரல் மாதிரிக் கேட்டது.

"பிழை நிறைய இருக்கு. ரெண்டு கிழமை செல்லும்."

மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். அப்படியானால் நீர்க்கோட்டைக்கு இரண்டு கிழமை லீவு என்று அறிவிப்பதற்கு நான் தொண்டையைச் செருமினேன். பதவி போனவனுக்கு இனி அதை அறிவிக்கிற வேலையில்லை என்றாள் வதனி.